பத்து விரலும் தந்தியின் மேல்

மணலி என்றதும் இன்றைய சென்னைவாசிக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் டேங்கர் லாரி வரிசையும்தான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊரின் பேர் சங்கீதக்காரர்களிடையே வேறு விதமாக அடிபட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் அழைத்ததன்பேரில் ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு அங்கே வந்து தங்கினார். அவருடைய பிள்ளைகள் முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி மூவரும் அந்த வீட்டு ஆதரவில் வளர்ந்தார்கள். முதலியாரின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் அவர்களைக் கோட்டைக்கு அழைத்துப்போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். பாலுசாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொள்ள ஏற்பாடும் செய்தார். கர்நாடக இசைக்கு வயலின் வந்த கதையை இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தஞ்சை வடிவேலுவுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்பார்கள், அதுவும் சரிதான். வயலின் யார் கையில் முதலில் வந்தது என்பதைவிட, வந்தபிறகு அந்தக் கை என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாத்தியம் அப்படியே உள்ளே வரவில்லை. அதைப் பிடிக்கும் விதம் மாறியது, தந்திகளைச் சுருதி கூட்டும் விதமும் மாறியது. இந்த இரண்டும் மாறாமல் இருந்திருந்தால் அது நோட்டுஸ்வரம் வாசிக்கும் வேடிக்கைப் பொருளாகவே நின்றிருக்கும்.

ஐரோப்பியர் வயலினைத் தோளில் வைத்து, நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பார்கள். தாடைக்கு அண்டக்கொடுக்கும் சிறு கட்டையை ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போர் உண்டாக்கியதே 1820 வாக்கில்தான். அதற்கு முன்பு வாத்தியத்தின் பாரத்தில் ஒரு பங்கை இடது கையே சுமந்தது. ஸ்வரம் பிடிக்கிற கைதான் வாத்தியத்தையும் தாங்க வேண்டும் என்றால், அது ஓரிடத்தில் நின்று விரலை மட்டும் மாற்றி வைக்கும். மேலும் கீழும் தாராளமாக வழுக்கி ஓடாது. நம் வித்துவான்கள் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்புக்கும் தோளுக்கும் நடுவே அணைத்துக்கொண்டார்கள். பாரம் முழுவதும் காலுக்கும் மார்புக்கும் போனது. இடது கைக்குக் கிடைத்த விடுதலையில்தான் வழுக்கும் ஜாருவும் அசையும் கம்பிதமும் வயலினுக்கு வசப்பட்டன. இனி சுருதி. மேற்கத்திய முறையில் ஒவ்வொரு தந்தியும் முந்தைய தந்திக்கு ஒரு பஞ்சமம் மேலே நிற்கும். அடித் தந்தியைச் ச என்று வைத்துக்கொண்டால் மற்றவை ப, ரி, த என்று வரும். நம்மவர்கள் ரியை இறக்கி ச ஆக்கினார்கள், தவை இறக்கி ப ஆக்கினார்கள். ச, ப, ச, ப. பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் இப்போது முதல் தந்தியில் விரல் எங்கே போகிறதோ அதே இடத்தில் மூன்றாம் தந்தியில் வைத்தால் அதே ஸ்வரம் அடுத்த ஸ்தாயியில் பேசுகிறது. இரண்டுக்கும் நான்குக்கும் அப்படியே. ராகத்தின் உருவத்தை விரல் ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும், ஸ்தாயி மாறும்போது மறுபடி கற்க வேண்டியதில்லை. கை எங்கே இருக்கிறது, தந்தி எந்த வரிசையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குச் சொல்லும் பதில்தான் ஒரு வாத்தியம் எந்த இசையைப் பேசும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். மணலியில் தொடங்கிய வயலினின் கதை அதற்கு நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும் சான்று.

அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய புது வாத்தியக் குடும்பம் ஒன்று உலகில் ஐம்பது ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. கிதாரிலோ வீணையிலோ இடது கை ஸ்வரத்தைப் பிடிக்கும், வலது கை மீட்டும். இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஒரு ஸ்வரம். இந்தக் குடும்பத்து வாத்தியங்களில் மீட்டுவது என்பதே கிடையாது. விரல் நுனி தந்தியை மெட்டின் மேல் சட்டென்று தட்டி அழுத்தினால் அந்தத் தட்டலிலேயே நாதம் பிறக்கிறது. பிடிப்பதும் ஒலிக்க வைப்பதும் ஒரே விரலின் ஒரே செயல். ஆகவே ஒரு கை மட்டுமே ஒரு முழு ஸ்வரத்தை உண்டாக்கும். இரண்டு கை இருந்தால் ஒரே சமயத்தில் இரண்டு தனித்தனி வரிகள் வாசிக்கலாம். தட்டும்போது தந்தி இரண்டாகப் பிரிகிறது. குதிரைப் பக்கத்துத் துண்டு நமக்கு வேண்டிய ஸ்வரத்தைத் தருகிறது. பிருடைப் பக்கத்துத் துண்டும் சும்மா இராமல் வேண்டாத ஒலி ஒன்றை எழுப்புகிறது. அதை அடக்க, பிருடைக்குப் பக்கத்தில் துணியோ கம்பளித் துண்டோ வைத்துத் தந்தியை மூடிவிடுகிறார்கள். விரலை எடுத்ததும் நாதம் நிற்பதற்கும் அதுவே காரணம். ஐரோப்பாவில் பியானோவுக்கு முன்னால் இருந்த கிளாவிகார்ட் என்ற சிறு வாத்தியம் இதே தத்துவத்தில் வேலை செய்தது: விசையின் மறுமுனையில் உள்ள பித்தளைத் தகடு தந்தியில் மோதி, மோதிய இடத்திலேயே நின்று ஸ்வரத்தையும் தீர்மானிக்கும். அதன் ஒலி மிகச் சன்னம், ஓர் அறையைத் தாண்டாது. விரலால் தட்டும் ஒலியும் அப்படித்தான். கிதாருக்குள் காந்தச் சுருள் வந்து, மின்சாரம் அந்தச் சன்ன ஒலியைப் பெருக்கிக் கொடுத்தபிறகே இந்த முறை மேடைக்கு வர முடிந்தது.

துருக்கியில் பாக்லமா வாசிப்பவர்கள் மீட்டுகோல் இல்லாமல் இரு கை விரல்களாலும் தட்டி வாசிக்கும் ஷெல்பே என்ற பழைய முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜிம்மி வெப்ஸ்டர் என்ற கிதார் கலைஞர் 1952இல் தட்டி வாசிக்கும் முறைக்கு ஒரு பாடப் புத்தகமே போட்டார். 1978இல் எட்டி வான் ஹாலன் மின்கிதாரில் வலது கை விரலையும் மெட்டுப் பலகைக்குக் கொண்டுபோய் மின்னல் வேகத்தில் வாசித்தது உலகமெங்கும் பரவியது. இந்த முறையை வித்தை காட்டுவது என்று பலர் ஒதுக்குவதற்கும் அதுவே காரணமாயிற்று. இந்த வரிசையில் நான் தனியாக நிறுத்திப் பார்ப்பது கலிபோர்னியாவைச் சேர்ந்த எம்மெட் சாப்மேனை. 1969 ஆகஸ்ட் மாதம் அவர் கண்டுகொண்டது வேகமான ஒரு விரல் வித்தையை அல்ல, கையை வைக்கும் கோணத்தை. அதுவரை தட்டியவர்களின் வலது கை மீட்டும்போது இருந்த சாய்வோடுதான் மெட்டுப் பலகைக்கு வந்தது. ஒன்றிரண்டு விரல்தான் பயன்பட்டது. சாப்மேன் கிதாரைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி, வலது கையை எதிர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து, இரு கை விரல்களும் தந்திக்குச் செங்குத்தாக, மெட்டுகளுக்கு இணையாக விழும்படி வைத்தார். அந்த ஒரு கோண மாற்றத்தில் வலது கையின் நான்கு விரல்களும் நான்கு மெட்டுகளுக்கு முன் வரிசையாக நின்றுவிட்டன. சுண்டுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் சமமான வேலை கிடைத்தது. இரண்டு கைகளில் எது மூத்தது, எது இளையது என்ற பேதமே மறைந்தது. 1974இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த வாத்தியத்துக்கு ஸ்டிக் என்று பெயர்; குடமும் இல்லை, வயிறும் இல்லை, மெட்டு பதித்த நீண்ட பலகை மட்டும்தான். கிங் கிரிம்சன் குழுவில் டோனி லெவின் அதை வாசித்தபின் உலகத்துக்கு அதன் குரல் தெரிந்தது.

ஸ்டிக்கை ஒரு தோள் வாரும் இடுப்புப் பட்டையில் மாட்டும் கொக்கியும் தாங்குகின்றன. கணுக்கால் வயலினுக்குச் செய்ததை இங்கே கொக்கி செய்கிறது. தாங்குகிற வேலையிலிருந்து இரு கையும் விடுபட்டபிறகுதான் சாப்மேனின் கோணம் சாத்தியமாகிறது. தந்தி வரிசை அதைவிடச் சுவையானது. பத்துத் தந்திகள் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கும். இடது கைக்கான ஐந்து மந்தரத் தந்திகளில் மிகத் தடித்தது பலகையின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஓரத்தை நோக்கிப் போகப் போக ஒவ்வொன்றும் ஒரு பஞ்சமம் ஏறும். நடுத் தந்தியை ச என்று கொண்டால் ப, ரி, த, க என்று அடுக்கு போகும். வலது கைக்கான ஐந்து தந்திகளும் நடுவிலிருந்து மறு ஓரத்தை நோக்கி ஏறுகின்றன, ஆனால் ச–ம இடைவெளியில். ஏன் இரண்டு கணக்கு? மந்தரப் பக்கத்தில் குறைந்த தந்திகளில் அதிக வீச்சு வேண்டும், ஸ்வரங்களை அகலமாக அடுக்கி ஒலிக்க வேண்டும். பஞ்சமம் அதற்கு இடம் தருகிறது. பாட்டுப் பக்கத்தில் கையைத் தூக்கிப் போடாமல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் நெருக்கமாக நடக்க வேண்டும். மத்திமம் அதற்கு வசதி. ஒரு கைக்குரிய தந்திகள் அந்தக் கைக்கு அருகில் இருக்க வேண்டுமா, மற்றக் கையின் தந்திகளைத் தாண்டிக் குறுக்கே போய்த் தொடுவது நல்லதா என்பதில் வாசிப்பவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு வகையாகவும் தந்தி கட்டிக்கொள்கிறார்கள். அற்ப நுணுக்கமாகத் தோன்றலாம். ஆனால் மணிக்கட்டு வளையும் அளவே மாறுகிறது. மணிக்கட்டு வளைந்தால் சுண்டுவிரல் வலுவிழக்கும், சுண்டுவிரல் வலுவிழந்தால் அந்த விரல் தொடும் ஸ்வரம் மங்கும்.

சாப்மேன் தம் பாட்டுப் பக்கத்தை மத்திம இடைவெளியிலேயே முழுக்கக் கட்டினார். கிதாரைத் தட்டியே வாசித்துப் பெயர் பெற்ற ஸ்டான்லி ஜோர்டானும் தம் ஆறு தந்திகளையும் அப்படித்தான் சுருதி சேர்த்தார். வழக்கமான கிதாரில் நடுவே ஓரிடத்தில் மட்டும் இடைவெளி மாறும். அந்தத் தடங்கலை நீக்கிவிட்டால் கையின் ஓர் அமைப்பு எந்தத் தந்தியில் தொடங்கினாலும் அப்படியே பொருந்தும். ஆதார ஸ்வரம் நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் பெயரும் இசைக்கு இது அருமையான விடை. நம் இசையில் ஆதாரம் பெயர்வதில்லை. தம்புரா எந்தச் சட்ஜத்தை நிறுத்திவிட்டதோ கச்சேரி முடியும்வரை அதுதான் ச. அப்படியிருக்க, எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே உருவம் என்ற வசதி நமக்கு எதற்கு? நமக்கு வேண்டியது ஸ்தாயி தாண்டினாலும் உருவம் குலையாத வசதி. அதை ச-ப-ச-ப தருகிறது, சீரான மத்திமம் தராது. மூன்றாம் தந்திக்குப் போனால் சீரான மத்திம வரிசையில் ச, ம, கைசிகி நிஷாதம் என்று எங்கோ போய்விடும். தட்டும் வாத்தியத்தை அதன் பிறந்த வீட்டுச் சுருதியோடு வாங்கிவந்து அதில் தோடியை முயன்று பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று முடிவு கட்டுபவர்கள், 1800க்கு முன் கோட்டை பேண்டுக்காரரின் பிடிலை அவர் பிடித்தபடியே பிடித்து, அவர் கூட்டிய சுருதியிலேயே ஆலாபனை செய்ய முயல்பவரின் நிலையில் இருக்கிறார்கள்.

எதிர்ப்புகள் இல்லாமல் இல்லை, அவை வலுவானவையும்கூட. முதலாவது: கர்நாடக இசை ஒற்றைப் பாட்டு வரியால் ஆனது, இரண்டு கையும் இரண்டு வரி வாசிப்பதால் நமக்கு என்ன ஆதாயம்? இதற்கான பதிலுக்குத் திருவொற்றியூர் வரை போனால் போதும். தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் அந்த ஊர்க்காரர். தியாகராஜர் அங்கே வந்தபோது வடிவுடையம்மனான திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். குப்பய்யரின் வாத்தியத்தைக் கவனியுங்கள். தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 24 மெட்டுகளோடு வடிவம் பெற்றதாகச் சொல்லப்படும் வீணை அது. மெட்டுகளுக்கு மேலே நான்கு தந்திகள்: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம், அதாவது மேலிருந்து கீழாக ச, ப, ச, ப. பக்கவாட்டில் மெட்டுத் தொடாத மூன்று தாளத் தந்திகள்: ச, ப, மேல் ச. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாட்டை மீட்டுகின்றன. அதே கையின் சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தொட்டுச் சுருதியையும் தாளத்தையும் ஒன்றாக நிறுத்துகிறது. ஒரு கைக்குள் இரண்டு வேலை, இரண்டு காலக் கணக்கு. நம் இசை இரண்டாவது குரலைக் கேட்டதே இல்லை என்பவர்கள் இந்தச் சுண்டுவிரலை மறந்துவிடுகிறார்கள். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும், நாகஸ்வரத்தின் பக்கத்தில் ஓயாமல் ஒலிக்கும் ஒத்தும் அதே தேவையின் வேறு வடிவங்கள். நமக்கு மேற்கத்திய ஸ்வர அடுக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆதார சுருதியும் தாளமும் வேண்டும். தட்டும் வாத்தியத்தின் இரண்டாம் கை அந்த இரண்டையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே சரியான கேள்வி.

வீணை இடது கையின் பாடமும் இங்கே உதவுகிறது. பாலுசாமி தீட்சிதரின் பேரனும் சுவீகாரப் புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியில் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளம் கொடுத்து, வீணையில் விரல் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொண்டே அவற்றை விளக்குகிறார். மணலியில் பிடிலைத் தொட்ட அதே குடும்பம், ஒரு நூற்றாண்டு கழித்து, விரலின் நடையை எழுத்தில் நிறுத்தியிருக்கிறது! வீணையில் ஒரு மீட்டுக்குப் பல ஸ்வரங்கள் வருவதைக் கச்சேரி கேட்பவர்கள் அறிவார்கள். முதல் ஸ்வரத்தை வலது கை மீட்டியபின், அடுத்தடுத்தவற்றை இடது கை விரல் மெட்டின் மேல் தட்டியும், எடுக்கும்போது தந்தியைச் சுண்டியும் தானே பேச வைக்கிறது. தட்டி ஒலியெழுப்புவது நம் விரலுக்கு அந்நியமில்லை. மீட்டின் நாதம் அடங்குவதற்குள் செய்ய வேண்டிய துணை வேலையாக அது இதுவரை இருந்தது. மின்சாரம் அதைத் தனித்து நிற்கும் வேலையாக்கியது.

இரண்டாவது எதிர்ப்பு: இரு கையும் தனித்தனியே வாசிப்பதற்குக் கீபோர்டு இருக்கிறதே, தெருவுக்குத் தெரு கிடைக்கிறதே? ராயபுரத்துத் தேவாலயப் பாட்டுக் குழுவிலும் கல்யாண மேடையிலும் அது இருக்கிறது, உண்மைதான். ஆனால் விசைக்கும் ஒலிக்கும் நடுவே விரலுக்கு வேலை இல்லை. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்து 1971 வரை அனுமதிக்காமல் இருந்தது. அந்தத் தடை கலைஞர்கள் பலரின் பிழைப்பைப் பாதித்தது, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் தடை விதித்தவர்கள் சொன்ன இசைக் காரணத்தில் ஓர் உண்மை இருந்தது: அழுத்தியபின் அந்த ஸ்வரத்தை அசைக்க முடியாது. கீபோர்டு சத்யநாராயணன் போன்றவர்கள் சுருதியை வளைக்கும் சக்கரத்தை இடது கையால் உருட்டிக் கமகம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். பெரிய சாதனை அது. அதற்காக ஒரு முழுக் கை சக்கரத்துக்குப் போய்விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தட்டும் வாத்தியத்தில் ஸ்வரம் பிறந்தபின்னும் விரல் தந்தியின் மேலேயே இருக்கிறது. பிறப்பித்த விரலே அதை ஆட்டலாம், பக்கத்தில் தள்ளலாம், அடுத்த மெட்டுக்கு வழுக்கிக் கொண்டுபோகலாம். கீபோர்டின் இரட்டைக் கையும் வீணையின் தந்தித் தொடுகையும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் இது ஒன்றுதான் என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

மூன்றாவது எதிர்ப்பு: தட்டிய தந்தியில் நம் கமகம் முழுதாக வருமா? இதற்கான முழுப் பதிலை இனிமேல்தான் யாராவது செய்து காட்ட வேண்டியிருக்கிறது. ஸ்டிக்கில் தந்தி மெட்டுக்கு மிக அருகில் ஓடும். இல்லாவிட்டால் இலேசான தட்டலில் ஒலிக்காது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால், ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மூன்று நான்கு ஸ்வரஸ்தானம் வரை ஏற்ற முடிகிறது. தாழ்ந்த தந்தியில் அவ்வளவு இழுப்பு வராது. அதோடு தட்டிய நாதம் மீட்டிய நாதத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும், நீண்ட கமகத்துக்கு மூச்சு போதாது. மெட்டையே எடுத்துவிடலாமே என்றால், தட்டலுக்கு உலோக மெட்டின் கூர்மையான விளிம்பு வேண்டும். வெறும் பலகையில் விரல் சதை ஒலியை விழுங்கிவிடும். ஆகவே இது தந்தியின் தடிமன், விறைப்பு, மெட்டின் உயரம் மூன்றையும் சேர்த்துத் தீர்க்க வேண்டிய கணக்கு. தீராத கணக்கு என்று நான் நினைக்கவில்லை, காரணம் உ. ஸ்ரீநிவாஸ். மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் ஓடும். ஜோடித் தந்தியை ஒருசேர இழுத்துச் சுருதி சேரக் கமகம் கொடுப்பது இயலாத காரியம். அவர் ஜோடியைக் கலைத்து, ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்திகள் கட்டிய மின் மாண்டலினை வாசித்தார். சிறுவனாக அவர் மேடையேறியபோது இது கர்நாடக வாத்தியமா என்று கேட்டவர்களே, அவர் 2014இல் மறைந்தபோது அந்த இழப்பை நம் சங்கீதத்தின் இழப்பாக உணர்ந்தார்கள். மின்சாரம் இல்லாமல் ஒலிக்காத வாத்தியம் வாத்தியமா என்றும் சிலர் கேட்பார்கள். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் மீட்டுகோல் இன்றி வெறும் நகத்தால் எழுப்பிய சன்ன நாதத்தை ஒரு சிறு வீட்டுக் கூட்டம் மூச்சடக்கிக் கேட்டது. இன்று சபாக்களில் வீணையின் குடத்தில் ஒட்டிய மைக் இல்லாமல் கச்சேரி நடப்பது அபூர்வம். வீணைக்கு மின்சாரத்தை அனுமதித்த காது இதற்கும் அனுமதிக்கலாம்.

அப்படியானால் நமக்கான தட்டும் வாத்தியத்தில் தந்தி எப்படி ஓட வேண்டும்? என் யோசனை இது. பாட்டுப் பக்கத்தில் நான்கோ ஐந்தோ தந்திகள், ச-ப-ச-ப வரிசையில். ஸ்டிக்கைவிட மெட்டு சற்று உயரமாக, தந்தி சற்று மெலிதாக, பக்கவாட்டு இழுப்புக்கு இடம்விட்டு நிற்க வேண்டும். நடுவில் மந்தர ச, மந்தர ப என்று தடித்த தந்திகள் இரண்டு. மறு ஓரத்தில் வீணையின் மூன்று தாளத் தந்திகள் அப்படியே. ஸ்டிக்கின் எல்லாத் தந்திகளுக்கும் போடும் துணி அடைப்பை இந்த மூன்றுக்கு மட்டும் போடக் கூடாது. விரல் தொட்டு விலகியபின்னும் அவை ஒலித்துக்கொண்டே இருந்தால்தான் சுருதி நிற்கும். எந்தக் கைக்குப் பாட்டு என்பதிலும் சாப்மேனைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர் பாட்டை வலது கைக்குக் கொடுத்தார். வீணையிலும் வயலினிலும் நம் கமகத்தின் பழக்கம் முழுவதும் இடது கையில் இருக்கிறது. பாட்டுத் தந்திகளை இடது கை எளிதில் எட்டும் ஓரத்துக்கு மாற்றி, சுருதியையும் தாளத்தையும் வலது கைக்கு விடுவதே பொருத்தம். வலது கைக்கு அது புதிய வேலையும் அல்ல, சுண்டுவிரல் செய்து வந்ததை ஐந்து விரலுக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான். கச்சேரிக்கு மட்டும் இது உதவும் என்பதும் இல்லை. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கானா பாடுகிறவருக்கு டோலக்கின் நடையும் ஒரு பாட்டின் இழையும் சேர்ந்து வேண்டும். 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் கானாவும் மின்கிதாரும் கைகோத்தபோது அந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு பெரிய கூட்டம் காத்திருந்தது என்பது தெரிந்தது. தாளமும் இழையும் ஒருவர் கையிலேயே கிடைக்கும் வாத்தியத்துக்கு அங்கே இடமிருக்கிறது.

செய்வது பலாமரத்தைக் குடைந்து வீணை செய்வதைவிடச் சுலபம் என்றுகூடச் சொல்வேன். குடம் கிடையாது, யாளி கிடையாது. வளையாத ஒரு நீளப் பலகை, நேராகப் பதித்த மெட்டுகள், ஒவ்வொரு தந்தியின் உயரத்தையும் திருகி ஏற்றியிறக்கும் குதிரை, ஒரு காந்தச் சுருள். மோட்டார் தொழிலை நம்பி வளர்ந்த திருவொற்றியூர், எண்ணூர் லேத் பட்டறைகளில் நூலிழை அளவுக்குக் கடைந்தெடுக்கத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. மெட்டு மட்டும் தேர்ந்த வீணை ஆசாரி ஒருவர் மேளம் கட்டுவதுபோல் காதால் கேட்டு நிறுத்தப்பட வேண்டும்; அந்த வேலையை அளவுகோலிடம் விட்டால் கிதாரின் ஸ்வரஸ்தானமே வரும். செய்து முடித்ததும் அதைச் சோதிக்க வேகமான தான வரிசை போதாது. வேகம் இந்த வாத்தியத்துக்கு இயல்பிலேயே வரும். குப்பய்யரின் பேகடா வர்ணமான ‘இந்த சலமு’தான் சரியான உரைகல். பேகடாவின் நிஷாதமும் மத்திமமும் எந்த மெட்டிலும் அசையாமல் உட்கார மறுப்பவை. மேல் ஸ்வரத்தின் நிழலைத் தொட்டுத் தொட்டுத்தான் தங்கள் முகத்தைக் காட்டும். இடது கையின் தட்டிய விரல் அந்த நிஷாதத்தை இழுத்து நிறுத்த, வலது கை அதே நேரம் தாளத் தந்திகளில் ஆதி தாளத்தைப் பிசகாமல் நடத்திக்கொண்டு போனால், வாத்தியம் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நிஷாதம் மெட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் மெட்டின் உயரத்தைக் கூட்டி, தந்தியின் விறைப்பைக் குறைத்து, மறுபடி கட்ட வேண்டும்.